வேலைச் சுறாக்களும் நாய்க் காவலர்களும் - ஒரு கமிஷனின் கதை

ஒருவருக்கு வேலை தேடிக் கொடுப்பவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஒரு தடவை கொடுத்தால் போதுமா, அல்லது அந்த வேலை நடக்கும் காலம் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

கேள்வி சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் இதே கேள்விக்காக நூற்றுக்கணக்கான பேர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு மாநிலமே ஓட்டுப் போட்டிருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூன்று முறை தீர்ப்பு எழுதியிருக்கிறது. நூறு வருடம் கழித்து அதே மாநிலத்தில், நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், இந்தக் கேள்வி மறுபடி எழுந்தது. அந்த மாநிலம் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் வாஷிங்டன். (தலைநகர் வாஷிங்டன் அல்ல, அது நாட்டின் எதிர்க் கோடியில் இருக்கிறது!)

ஒரு டாலருக்கு ஒரு வேலை

1900களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் இருந்த ஸ்போகேன் ஒரு பெரிய ரயில் சந்திப்பு. சுற்றிலும் மரம் வெட்டும் காடுகள், சுரங்கங்கள், கோதுமை வயல்கள், புதிதாகப் போடப்படும் ரயில் பாதைகள். இவை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆனால் எதுவும் நிரந்தர வேலை இல்லை. அறுவடை முடிந்தால் வயல் வேலை முடிந்தது, பாதை போட்டு முடித்தால் அந்த வேலையும் முடிந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் முதுகில் போர்வை மூட்டையுடன் ஊர் ஊராக அலைந்தார்கள்.

இவர்களுக்கும் முதலாளிகளுக்கும் நடுவில் இருந்தவர்கள் வேலை ஏஜென்ட்டுகள். ஸ்போகேனின் ஸ்டீவன்ஸ் தெருவில் இவர்களுடைய கடைகள் வரிசையாக இருந்தன. வாசலில் ஒரு பலகை, அதில் எந்த முகாமில் என்ன வேலை, என்ன கூலி என்று எழுதியிருக்கும். தொழிலாளி ஒரு டாலர் கட்டினால் ஒரு சீட்டு கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு காட்டுக்கோ சுரங்கத்துக்கோ போக வேண்டும்.

போய்ப் பார்த்தால் சில சமயம் அங்கே வேலையே இருக்காது. சில சமயம் வேலை இருக்கும், ஆனால் சில நாளில் மேஸ்திரி நிறுத்திவிடுவார். ஏன்? அந்த ஒரு டாலரில் மேஸ்திரிக்கும் பங்கு உண்டு! பழைய ஆளை அனுப்பினால்தான் புது ஆள் வருவான், புது ஆள் வந்தால்தான் புது டாலர் வரும். ஒவ்வொரு முகாமுக்கும் மூன்று கூட்டம் உண்டு, ஒன்று வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது, ஒன்று வேலை செய்கிறது, ஒன்று வேலை போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று தொழிலாளிகள் கிண்டலடித்தார்கள். அந்த ஏஜென்ட்டுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சுறா'.

நிரம்பி வழிந்த ஜெயில்

1905இல் சிகாகோவில் தொடங்கிய ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கம் இந்த அலையும் தொழிலாளிகளைத்தான் முக்கியமாகக் குறிவைத்தது. மற்ற சங்கங்கள் கைத்தொழில் தெரிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்போகேனில் சங்கத்துக்கு அமைப்பாளராக வந்த ஜேம்ஸ் வால்ஷ், ஏஜென்ட்டுகளின் கடைகளுக்கு எதிரிலேயே தெருமுனைக் கூட்டம் போட ஆரம்பித்தார். கோஷம் ஒன்றே ஒன்றுதான்: வேலையைக் காசு கொடுத்து வாங்காதே!

ஏஜென்ட்டுகளின் பக்கம் நின்ற நகர நிர்வாகம் தெருவில் பேசுவதற்குத் தடை போட்டது. சங்கம் அதற்குக் கண்டுபிடித்த வழி விநோதமானது. 1909 நவம்பர் 2 அன்று ஒருவர் பெட்டி மேல் ஏறிப் பேச ஆரம்பித்தார், போலீஸ் பிடித்துப் போனது. உடனே அடுத்தவர் ஏறினார். அவரையும் பிடித்தார்கள். அடுத்தவர், அதற்கடுத்தவர்... இப்படியே போனது. சரக்கு ரயில்களில் ஏறி வெளியூர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், ஜெயிலுக்குப் போவதற்கென்றே! கைதானவர்கள் நூற்றுக்கணக்கில் பெருகி ஜெயில் நிரம்பியது. பிராங்க்ளின் பள்ளிக்கூடக் கட்டடத்தையும் ஜெயிலாக்க வேண்டி வந்தது. 19 வயது எலிசபெத் கர்லி பிளின் கர்ப்பிணியாக இருந்தபோதே இந்தப் போராட்டத்துக்கு வந்தார். போலீஸ் தன்னைச் சீக்கிரம் இழுத்துப் போக முடியாதபடி விளக்குக் கம்பத்தில் தன்னைச் சங்கிலியால் பூட்டிக்கொண்டார்.

நகரத்தின் பணம் சாப்பாட்டுக்கும் காவலுக்கும் கரைந்தது. 1910 மார்ச்சில் நிர்வாகம் இறங்கி வந்தது. பேசும் உரிமை திரும்பக் கிடைத்தது, 19 ஏஜென்சிகளின் லைசென்ஸ் ரத்தானது.

ஓட்டுப் பெட்டியும் நீதிமன்றமும்

ஆனால் லைசென்ஸ் ரத்து ஒரு ஊரோடு முடிந்துவிடும். மாநிலம் முழுக்க என்ன செய்வது? வாஷிங்டனில் மக்களே சட்ட முன்வரைவு கொண்டுவந்து நேரடியாக ஓட்டுப் போடும் முறை இருந்தது. 1914 நவம்பரில் 8ஆம் எண் முன்வரைவு ஓட்டுக்கு வந்தது. வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் சாரம். முதலாளியிடம் வாங்கிக்கொள்ளலாம். மக்கள் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள், சட்டமும் ஆனது.

தனியார் ஏஜென்ட் இல்லாவிட்டால் ஆட்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கும் அந்த மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. சியாட்டில் நகரம் 1894லேயே நகராட்சி நடத்தும் இலவச வேலைவாய்ப்பு அலுவலகத்தைத் திறந்துவிட்டது.

ஏஜென்ட்டுகள் நீதிமன்றம் போனார்கள். 1917இல் 'ஆடம்ஸ் எதிர் டேனர்' வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. வேலை தேடித் தருவது பயனுள்ள தொழில், தவறுகள் நடக்கின்றன என்பதற்காக தொழிலையே ஒழிக்க முடியாது என்பது பெரும்பான்மையின் வாதம். எதிர்த்து எழுதிய நீதிபதி பிராண்டைஸ், சட்டப் புத்தகத்தை விட ஸ்டீவன்ஸ் தெரு போன்ற இடங்களில் நடந்ததைப் பற்றித்தான் அதிகம் எழுதினார். மேஸ்திரியும் ஏஜென்ட்டும் பங்கு போட்டுக்கொண்ட கதை எல்லாம் அதில் வந்தது.

சரி, ஒழிக்க முடியாது, கட்டணத்துக்கு உச்சவரம்பாவது வைக்கலாமா? 1928இல் 'ரிப்னிக் எதிர் மெக்பிரைட்' வழக்கில் அதற்கும் 'முடியாது' என்றது அதே நீதிமன்றம். 1930களின் பெரும் பொருளாதார மந்தம் எல்லோருடைய மனதையும் மாற்றியது. 1941இல் 'ஓல்சன் எதிர் நெப்ராஸ்கா' வழக்கில் நீதிமன்றம் ஒருமனதாக ரிப்னிக் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. அந்த வழக்கில் நெப்ராஸ்கா மாநிலம் வைத்திருந்த உச்சவரம்பு என்ன தெரியுமா? முதல் மாதச் சம்பளத்தில் 10 சதவீதம். முதல் மாதம் மட்டும்! இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உலக அளவிலும் காற்று இதே பக்கம்தான் அடித்தது. கட்டணம் வாங்கும் ஏஜென்சிகளுக்கு எதிராக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1933இலும் 1949இலும் ஒப்பந்தங்கள் கொண்டுவந்தது. தனியார் ஏஜென்சிகளை ஏற்றுக்கொண்ட 1997ஆம் ஆண்டின் 181ஆம் ஒப்பந்தம்கூட, தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதையே பொது விதியாக வைத்தது.

சாவிக்கொத்தோடு வந்த தொழில்

இப்போது நாய்களுக்கு வருவோம். வீட்டுக்காரர்கள் வெளியூர் போகும்போது நாயையும் பூனையையும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். இல்லாவிட்டால் 'கெனல்' என்ற நாய் விடுதியில் விட வேண்டும். பழகாத இடத்தில், மற்ற நாய்களின் குரைப்புக்கு நடுவில், கூண்டில் இருப்பது பல நாய்களுக்குப் பிடிக்காது.

விலங்கு இருக்கும் வீட்டுக்கே ஆள் போய்ப் பார்த்துக்கொள்வதை ஒரு முறையான தொழிலாக மாற்றியதில் பாட்டி மோரன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குப் பெரிய பங்கு உண்டு. வட கரோலினாவில் 1983இல் தன் தொழிலைத் தொடங்கினார். அந்த அனுபவத்தை வைத்து 1987இல் ஒரு புத்தகம் எழுதினார். 1994இல் பெட் சிட்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை நிறுவினார்.

அன்றைய பராமரிப்பாளருக்கு மூலதனம் மிகக் குறைவு. ஒரு தொலைபேசி, கால்நடை மருத்துவரின் அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டை, பல வீடுகளின் சாவி கோர்த்த ஒரு கொத்து. வாடிக்கையாளர் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, இப்படித்தான் தொழில் வளர்ந்தது. யாருக்கும் கமிஷன் கிடையாது. ஆனால் ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் புதிதாகத் தொழிலில் இறங்குபவருக்கும் இந்த வழி கஷ்டம். முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியை யார் கொடுப்பார்கள்? நம்பிக்கை வளர வருடக்கணக்கில் ஆகும்.

அந்த நம்பிக்கையைச் சீக்கிரமாகக் கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் செயலிகள் வந்தன.

சியாட்டிலில் பிறந்த ரோவர்

1894இல் இலவச வேலைவாய்ப்பு அலுவலகம் திறந்த அதே சியாட்டில் நகரில், 2011இல் 'ஸ்டார்ட்அப் வீக்எண்ட்' என்ற வாரக் கடைசி நிகழ்ச்சியில் ரோவர் பிறந்தது. முதலீட்டாளர் கிரெக் காட்ஸ்மேன் தன் நாயை ஒரு கெனலில் விட்டுக் கசப்பான அனுபவம் அடைந்தவர். நாயை விரும்பும் ஒருவரின் வீட்டிலேயே விட ஒரு இணையதளம் இருந்தால் என்ன என்று யோசித்தார். 2017இல் ரோவர் தன் போட்டியாளரான டாக்வகேயை வாங்கியது. 2021இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பிறகு பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 230 கோடி டாலருக்கு ரோவரை வாங்கியது. 2023 நவம்பரில் அறிவித்த அந்த வியாபாரம் 2024 தொடக்கத்தில் முடிந்தது.

இவ்வளவு பணம் எங்கிருந்து? கமிஷனில் இருந்து. ஆரம்ப காலத்தில் சேர்ந்த பராமரிப்பாளர்களுக்கு 15 சதவீதம், 2016க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 20 சதவீதம். இது போக நாயின் சொந்தக்காரரிடம் தனிக் கட்டணம். 2015இல் தொடங்கிய வாக் என்ற இன்னொரு செயலி நாய் நடத்துபவர்களிடம் 40 சதவீதம் வரை பிடித்துக்கொண்டது.

நியாயமாகப் பார்த்தால் ஸ்டீவன்ஸ் தெரு ஏஜென்ட் கொடுக்காத பலவற்றை இந்தச் செயலிகள் கொடுக்கின்றன. குற்றப் பின்னணிச் சோதனை, பணம் வாங்கித் தருவது, நாட்காட்டி, வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரைகள், ஏதாவது ஆகிவிட்டால் சில நிபந்தனைகளோடு செலவில் உதவி, நள்ளிரவில் கூப்பிட ஒரு எண். முதல் நாள் வேலைக்கு இறங்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு இவை அனைத்தையும் தனியாக ஏற்பாடு செய்வது எளிதல்ல.

ஆறு டாலர் கணக்கு

சிக்கல் முதல் நாளில் இல்லை. இருநூறாவது நாளில் இருக்கிறது.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு நாயை நடத்திக்கொண்டு போக 30 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீதம் என்றால் 6 டாலர் செயலிக்கு. முதல் முறை இந்த 6 டாலர் மிக மலிவு, ஏனென்றால் ஒரு புது வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார். அதே வாடிக்கையாளர் வாரம் மூன்று முறை, வருடத்தில் 50 வாரம் கூப்பிட்டால் 150 நடை. செயலிக்குப் போவது 900 டாலர். இரண்டாம் வருடம் இன்னொரு 900. இரண்டாம் வருடத்தில் செயலி யாரையும் புதிதாக அறிமுகப்படுத்தவில்லை. நாய்க்கு ஆளைத் தெரியும், ஆளுக்கு நாயைத் தெரியும், சாவி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்!

இங்கேதான் நெப்ராஸ்காவின் 10 சதவீதம் ஞாபகத்துக்கு வர வேண்டும். அன்று சட்டம் அனுமதித்தது முதல் மாதத்தில் பத்தில் ஒரு பங்கு. இன்று ஐந்தில் ஒரு பங்கு, கடைசி மாதம் வரை.

தனியாகப் போவது என்றால்...

அதனால் அனுபவம் சேர்ந்ததும் தனியாகத் தொழில் செய்யலாமே என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. செயலி நிறுவனங்களுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கு 'கசிவு' என்று பொருள். வீடு சுத்தம் செய்யும் ஆட்களை அனுப்பிய ஹோம்ஜாய் நிறுவனம் 2015 ஜூலையில் மூடப்பட்டபோது, வாடிக்கையாளர்களும் தொழிலாளிகளும் நிறுவனத்தை விட்டுவிட்டு நேரடியாகப் பேசிக்கொண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ரோவரின் விதிப்படி, அதன் வழியாக அறிமுகமானவரிடம் வெளியே பணம் வாங்கக் கூடாது. மீறினால் கணக்கு முடக்கப்படலாம். அதைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருக்கிறது: மதிப்புரைகள். ஐந்து வருடம் உழைத்துச் சேர்த்த 'ஐந்து நட்சத்திரங்கள்' செயலிக்குள்ளேயேதான் இருக்கும். வெளியே போகும்போது மூட்டை கட்டி எடுத்துப் போக முடியாது. ஸ்போகேன் தொழிலாளியிடம் அவன் போர்வை மூட்டையாவது இருந்தது!

இதனால் விதியை மீறாமல் வெளியேற நினைப்பவர்களுக்கு இருக்கும் வழி, புது வாடிக்கையாளர்களைச் செயலிக்கு வெளியே தேடுவதுதான். அதாவது பாட்டி மோரன் காலத்து வழி: கால்நடை மருத்துவர், முடி வெட்டும் கடை, தெருவில் வாய்வழிச் சொல். பழையவர்கள் செயலியில் தொடர, புதியவர்கள் நேரடியாக வர, பங்கு கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

அந்த 6 டாலரும் அப்படியே கைக்கு வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. நாய் யாரையாவது கடித்தால், ஓடிப்போனால், வீட்டில் பொருள் உடைந்தால் அதற்குப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அவசரத்தில் மருத்துவரிடம் கொண்டுபோக உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். கார்டில் பணம் வாங்கினால் அதற்கும் ஒரு கட்டணம் உண்டு. பராமரிப்பாளருக்கே காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் வேண்டும். சமூகப் பாதுகாப்புக்கும் மருத்துவத்துக்குமான 15.3 சதவீத சுயதொழில் வரி மட்டும் இரண்டு வழியிலும் உண்டு. செயலியில் இருக்கும்போதும் அவர்கள் சுயதொழில் செய்பவர்களாகத்தான் கருதப்படுகிறார்கள்.

சட்டம் இவர்களை யாராகப் பார்க்கிறது?

பழைய வேலை ஏஜென்சி சட்டங்கள் இங்கே ஏன் பாயவில்லை என்பதற்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் பராமரிப்பாளர் வேலை தேடும் தொழிலாளி இல்லை, ஒரு சிறு வியாபாரி. செயலி அவருக்கு வேலை கொடுக்கவில்லை, கடை வைக்க இடம் கொடுத்திருக்கிறது. கமிஷன் என்பது கடை வாடகை மாதிரி. கலிபோர்னியாவில் ஒரு பராமரிப்பாளர் தொடுத்த வழக்கில் 2021இல் கூட்டாட்சி நீதிமன்றம் ரோவர் பக்கமே தீர்ப்பளித்தது. விலையைத் தானே வைக்கிறார், யாரிடம் வேலை செய்வது என்று தானே முடிவெடுக்கிறார் என்பவை முக்கியமான வாதங்கள். 2022இல் சியாட்டில் நகரமன்றம் செயலித் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கொண்டுவந்தபோதும், ரோவர் போன்ற 'சந்தை' வகைச் செயலிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன.

இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்போகேன் மரவெட்டிக்குத் தன் கூலியைத் தானே நிர்ணயிக்கும் வாய்ப்பு கனவிலும் இல்லை. ஆனால் கடை வாடகை கட்டும் வியாபாரி கடையைக் காலி செய்தால் வாடிக்கையாளர் பட்டியலைக் கையோடு எடுத்துப் போகலாம். இங்கே அது முடியாது. வியாபாரி என்று சொல்லிவிட்டு வியாபாரியின் முக்கியமான சொத்தை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்வதுதான் இதில் உள்ள முரண்.

பழைய சுறாவுக்கும் புதிய செயலிக்கும் உள்ள ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. சுறா ஒரே தடவை கட்டணம் வாங்கினார். அதனால் தொழிலாளியும் முதலாளியும் சீக்கிரம் பிரிவதில்தான் அவருக்கு லாபம். செயலி ஒவ்வொரு தடவையும் வாங்குகிறது. அதனால் இருவரும் சேர்ந்தே இருப்பதில்தான் அதற்கு லாபம், இந்த விதத்தில் இது எவ்வளவோ மேல். ஆனால் அவர்கள் தன் கண் முன்னால் மட்டுமே சேர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி

சுறாவுக்கு டாலர் கட்டுவது, இல்லாவிட்டால் தனியாக அலைவது, இந்த இரண்டும்தான் வழியா? அதே மேற்குக் கடற்கரை 1934இல் இன்னொரு பதிலும் சொன்னது. சியாட்டில் முதல் சான் பெட்ரோ வரை துறைமுகத் தொழிலாளிகள் மே 9 அன்று தொடங்கி 83 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான கோரிக்கை, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கும் கூடம் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது. அந்த வருடம் அக்டோபரில் வந்த தீர்ப்பில் கூடத்தை இரு தரப்பும் சேர்ந்து நடத்துவது என்றும், ஆட்களை அனுப்புபவரைச் சங்கமே தேர்ந்தெடுப்பது என்றும் முடிவானது.

துறைமுகமும் நாய் பராமரிப்பும் ஒன்றல்ல. கப்பல் ஒரு இடத்துக்கு வரும், நாய்கள் ஆயிரம் வீடுகளில் இருக்கின்றன. ஆனால் தனியாகப் போகும் பராமரிப்பாளருக்குக் காய்ச்சல் வந்தால் யாரை அனுப்புவது என்ற கேள்விக்கும், தன்னால் முடியாத வேலையை யாருக்குக் கைமாற்றுவது என்ற கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: அதே ஊரில் அதே தொழில் செய்யும் நாலு பேர். ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிக்கொள்ளும் அந்த நாலு பேர்தான் ஒரு கூடத்தின் ஆரம்பம். ஒரே ஆளாக வெளியே போகிறவர் 6 டாலரை மிச்சம் பிடிப்பார். நாலு பேராகப் போகிறவர்களுக்கு, ஒருவர் படுத்துவிட்டாலும் நாய்க்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும், தொழிலும் நிற்காது.

1909இல் பெட்டி மேல் ஏறியவர்கள் ஒரு டாலரை ஐம்பது காசாகக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வேலை செய்கிறவனுக்கும் வேலைக்கும் நடுவில் யார் நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கேட்டார்கள். 20 சதவீதம் அதிகமா, 15 சதவீதம் சரியா என்ற விவாதம் நடக்கும் போதெல்லாம், அந்தப் பழைய கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது.